மாலை போட்டவனும் மட்டை மிஷினும்

கார்த்திகை 1, திங்கள்

மாரப்பன் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டான். ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்குச் சொல்லவில்லை. என் டிராக்டரை ஓட்டுகிறவன், மட்டை மிஷினுக்கு மட்டை கொடுக்கிறவன், காலையில் கறுப்பு வேட்டியும் கறுப்புத் துண்டும் வெறுங்காலுமாக வந்து நின்றபோதுதான் நான் தெரிந்துகொண்டேன். கழுத்தில் மூன்று மாலை. ஒன்று தொப்புள் வரை தொங்குகிறது.

அவன் மகளுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்து இப்போதுதான் வயிற்றில் நின்றிருக்கிறதாம். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறான். நாகரத்தினம் சொன்னாள். என் மனைவிக்கு என் ஆட்களைப் பற்றி என்னைவிட அதிகம் தெரியும்.

இனி அவனைச் ‘சாமி’ என்றுதான் கூப்பிட வேண்டுமாம். அதுவும் அவள்தான் சொன்னாள்.

கார்த்திகை 3, புதன்

பெரிய தோப்பில் வேலை. ஆனைமலைக் காற்றுக்கு விழுந்த தென்னை மட்டைகள் மலை மாதிரி கிடக்கின்றன.

மட்டையைத் தூளாக்கும் எங்கள் மிஷினுக்குத் தனி எஞ்சின் கிடையாது. டிராக்டரின் பின்புறம் பிடிஓ என்று ஒரு முனை சுற்றுகிறது. அதிலிருந்து ஒரு ஷாஃப்ட் மிஷினுக்குப் போகிறது. அது சுற்றினால் உள்ளே கத்திகள் சுற்றும். ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஐந்நூற்று நாற்பது சுற்று ஓடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விற்றவர் கொடுத்த புத்தகம் இங்கிலீஷிலும் இந்தியிலும் இருந்தது. படங்களைப் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டேன். அதில் ஒரு படம்: ஒரு மனிதன் ஷாஃப்ட்டில் துணிபோலச் சுற்றிக் கிடக்கிறான். முகத்தை வரையாமல் விட்டிருந்தார்கள். எந்தப் பாகம் முதலில் மாட்டியிருக்கும் என்று அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்திருக்கிறேன். வேளாண் துறையின் இயந்திர முகாமில் ஓர் அதிகாரியிடம் கேட்டேன். “பெரியவரே, கேள்விய எல்லாம் கடைசில கேளுங்க” என்றார். கடைசியில் தயிர்சாதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இன்று மாரப்பன் மட்டையை வாரக் குனிந்தபோது அந்த நீள மாலை ஷாஃப்ட்டுக்கு நேர் மேலே ஆடியது. என் உள்ளங்கால் கூசியது.

“டேய், மாலையக் கழட்டி வெச்சிட்டு வந்து மிஷினத் தொடு” என்று கத்திவிட்டேன்.

மட்டை பொறுக்கும் பெண்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

மாரப்பன் நிதானமாக நிமிர்ந்தான். “ஏனுங்கய்யா, மாலைங்கிறது சட்டைப் பித்தானுங்களா, நெனச்சாக் கழட்டறதுக்கு?”

“கழுத்து போயிருமப்பா.”

“சாமி பாத்துக்கும்ங்க.”

“சாமிக்கு பிடிஓ தெரியுமா?”

“தெரியாட்டிப் போவுதுங்க. ஷாஃப்ட்டு மேல மஞ்ச மூடி ஒண்ணு இருந்துச்சே, அது எங்கீங்க? அது இருந்தா மாலை எங்கிட்டுப் போயி மாட்டும்?”

ஒரு கிழவி “அதானே” என்றாள். அவளுக்கு ஷாஃப்ட்டைப் பற்றி என்ன தெரியும்.

அந்த மூடியைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை. கிரீஸ் கன் நுழையாத மூடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மாரப்பன் எஞ்சினை நிறுத்திவிட்டு, தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு நடந்து போய்விட்டான்.

கார்த்திகை 4, வியாழன்

மாரப்பன் வரவில்லை. தூறல்.

கார்த்திகை 5, வெள்ளி

இன்றும் வரவில்லை. நல்லதாகப் போயிற்று. வெகுநாளாக மனதில் இருந்த ஒன்றைச் செய்து பார்த்தேன்.

ஷாஃப்ட் மாலையை இழுக்குமா, இழுத்தால் எப்படி இழுக்கும்? யாரும் சொல்லாவிட்டால் ஷாஃப்ட்டையே கேட்டுவிட வேண்டியதுதான்.

களத்தில் மிஷினை மாட்டி, மெதுவாக ஓடவிட்டேன். நீள மூங்கில் ஒன்றின் நுனியில் வாழைநாரால் ஒரு கயிற்றுத் துண்டைத் தொங்கவிட்டு, எட்டி நின்று நீட்டினேன். பலமாக இழுத்தால் நார் அறுந்துவிடும், மூங்கில் என்னோடு இருக்கும். இந்த யோசனையும் என்னுடையதே.

கயிறு ஷாஃப்ட்டின் நடுப்பகுதியில் பட்டு வழுக்கியது. துள்ளியது. ஒன்றும் ஆகவில்லை. முனைப்பக்கம் கொண்டுபோனேன். அங்கே ஷாஃப்ட்டை டிராக்டரோடு பூட்டும் இரும்புப் பின் ஒன்று கட்டைவிரல் நுனி அளவு துருத்திக்கொண்டிருக்கிறது. கயிறு இருந்தது, பிறகு இல்லை. இடையில் என்ன நடந்தது என்று என் கண் பார்க்கவில்லை. அடுத்து ஒரு பழைய பாசிமணி மாலை. மணிகள் கோழிக்கூண்டுத் தகரத்தில் பட்டுத் தெறித்தன. அடுத்து ஒரு ரவிக்கைத் துணி. நடுப்பகுதியில் மாட்டவில்லை. பின்னில் மாட்டிற்று.

நாகரத்தினம் வாசலில் நின்று பார்த்தாள். “பேரன் பேத்தி எடுத்தவிய செய்யற வேலையா இது? அது என்ற ரவிக்கை.”

“பழசு.”

“பழசுன்னு நாஞ் சொல்லோணும்.”

முடிவு: ஷாஃப்ட்டின் குற்றம் ஷாஃப்ட்டில் இல்லை, பின்னில் இருக்கிறது. வழவழப்பான இடத்தில் துணி மாட்டாது. பின்னின் மேல் சைக்கிள் டியூபைச் சுற்றி இறுக்கிவிட்டேன். மூடி தேவையில்லை என்பது உறுதியாயிற்று.

கார்த்திகை 7, ஞாயிறு

மாரப்பன் கோஷ்டிக்குக் குருசாமி ஆறுக்குட்டி. மாவு மில் வைத்திருக்கிறார். பல வருடமாக மலைக்குப் போகிறவர், இவர்கள் எல்லாருக்கும் மாலை போட்டுவிட்டவரும் அவரே. நேராகப் போய்க் கேட்டுவிட்டேன்.

“சாமி சரணம். வாங்க சாமி” என்றார்.

“நா மாலை போடலீங்க.”

“போடாட்டியும் சாமிதானுங்க. உக்காருங்க.”

அவர் கழுத்திலும் மாலை. பக்கத்திலேயே மில் பெல்ட் படபடவென்று ஓடுகிறது. மாலை எங்கே தொங்குகிறது என்று பார்த்தேன். தொங்கவில்லை. இறுக்கமான கைவைத்த பனியனுக்குள் போட்டிருக்கிறார்.

“மாலை வெளிய தொங்கோணும்னு சட்டம் உண்டுங்களா?” என்றேன்.

“ஆரு சொன்னா? உள்ள போட்டா நெஞ்சோட ஒட்டிக் கெடக்கும். வெளிய தொங்குனா ஊரு பாக்கும், அவ்வளவுதான். ஆனா மாலையவிடத் துண்டுதாஞ் சாமி எமன். மில்லுக்குள்ள நா துண்டே போடறதில்ல.”

“இத மாரப்பங்கிட்டச் சொல்லுங்க.”

“சொல்றனுங்க. நீங்க அவன நாலு பொம்பளைக முன்னால டேய்ன்னீங்களாமா?”

பெல்ட்டைச் சுற்றி அவர் கம்பிவலை அடித்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாவு மில் வேறு, டிராக்டர் வேறு.

கார்த்திகை 8, திங்கள்

மாரப்பன் வந்துவிட்டான். இறுக்கமான பனியன், மாலை உள்ளே, துண்டு இல்லை, வேட்டி தார்பாய்ச்சிக் கட்டியிருக்கிறான். நான் கேட்டதெல்லாம் நடந்துவிட்டது. ஆனால் குருசாமி சொன்னதால் செய்ததாக அவன் சொல்லிக்கொள்கிறான்.

“நாஞ் செய்யறதச் செஞ்சிட்டனுங்க. நீங்க மூடியப் போடுங்க” என்றான்.

டியூப் சுற்றிய பின்னைக் காட்டினேன். சோதனையையும் விளக்கினேன். முழுவதும் கேட்டான்.

“சரிங்க. மூடி?”

இவனுக்கு எடுத்துச் சொல்வது வீண்.

கார்த்திகை 11, வியாழன்

வேறு தோப்பு. காலையில் மிஷின் மாட்டும்போது மாரப்பன் வழக்கம்போல டிராக்டருக்கும் மிஷினுக்கும் நடுவில் நின்றுகொண்டு “வாங்க, வாங்க, இன்னுங் கொஞ்சம்” என்று கையைக் காட்டினான். நான் டிராக்டரைப் பின்னால் எடுக்க மறுத்துவிட்டேன். என் கால் கிளட்சில் வழுக்கினால் அவன் சப்பாத்தி. ஒதுங்கி நின்ற பிறகே எடுத்தேன். மிஷினைத் தாங்கும் கீழ்க்கை இரண்டையும் மாட்டி, மேல்கையை மாட்டி, கடைசியில் ஷாஃப்ட். ‘டக்’ என்று சத்தம் கேட்டால் போதும் என்று மாரப்பன் நினைக்கிறான். போதாது. ஷாஃப்ட்டை ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். இன்று இழுத்தபோது கையோடு வந்துவிட்டது.

“பாத்தியா?” என்றேன்.

“பாத்தனுங்க. இது மாதிரி நீங்களும் ஒண்ண ஒருக்கா இழுத்துப் பாக்கலாமுங்க” என்றான். எதை என்று கேட்கவில்லை. கேட்டால் மூடி என்பான்.

கார்த்திகை 15, திங்கள்

சனியும் ஞாயிறும் எழுதவில்லை. வலது மணிக்கட்டில் லேசான சுளுக்கு. துண்டு ஒன்று போய்விட்டது.

கார்த்திகை 18, வியாழன்

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது.

தோள்மூட்டு நழுவியதை ஆஸ்பத்திரியில் சரிசெய்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். எலும்பு முறியவில்லை. பார்க்க வருகிறவர்களிடம் நாகரத்தினம் ஆளுக்கு ஒரு விதமாகக் கதை சொல்வதால் நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

சனிக்கிழமை மிஷினுக்குள் வித்தியாசமான ஒரு சத்தம். கத்தி தளர்ந்த சத்தமா, கல் சிக்கிய சத்தமா என்று தெரிய வேண்டியிருந்தது. நிறுத்தினால் சத்தம் நின்றுவிடும். எனவே ஓடும்போதே பக்கத்தில் போய்க் குனிந்து காது கொடுத்தேன். தோளில் துண்டு இருந்தது. நல்ல வெயில். முகம் துடைத்துத் துடைத்து அது நனைந்திருந்தது. பின் இருக்கும் முனையிலிருந்து விலகி, ஷாஃப்ட்டின் வழவழப்பான நடுப்பகுதிக்கு நேராக நின்றேன் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

துண்டின் நுனி ஷாஃப்ட்டில் ஒட்டியது. மாட்டவில்லை, ஒட்டியது. ஈரத் துணி கண்ணாடியில் ஒட்டுவது போல. அடுத்து என் கை அதோடு போய்க்கொண்டிருந்தது. முகம் ஷாஃப்ட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கிரீஸ் வாசனை அடித்தது. பிறகு நான் தரையில் கிடந்தேன். கையில் பாதித் துண்டு இருந்தது.

மாரப்பன் மிஷினைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் கம்பியை இழுத்திருக்கிறான். அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது. என்னைத் தூக்கி உட்காரவைத்து, “ஏனுங்க, ஏனுங்க” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

நாகரத்தினம் சொல்வது: “துண்ட விட்டிருந்தா துண்டோட போயிருக்கும். இவியளுக்கு எதையும் புடிச்சாப் புடிச்சதுதான். ஒருக்காலும் உடறதில்ல.”

இது எனக்கு ஏற்புடையதல்ல.

கார்த்திகை 22, திங்கள்

என் மேல் சொல்லப்பட்ட பழியைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். விட நேரம் இருந்து விடாமல் இருந்தேனா, விடவே நேரம் இல்லையா? இதற்கு ஒரு பதில் இருந்தாக வேண்டும்.

மாரப்பனை வரச்சொன்னேன். களத்தில் மிஷின். தொட்டித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி. ஒரு முனையை வாழைநாரால் முளைக்குச்சியில் கட்டினேன். மறுமுனையை மூங்கிலால் தள்ளி ஷாஃப்ட்டின் நடுவில் விழவைப்பது என் வேலை. மாரப்பன் டிராக்டரில் உட்கார்ந்து ஸ்டாப் மேலேயே கையை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்க வேண்டும். துணி பட்டதும் இழுக்க வேண்டும்.

“தயாரா?”

“தயாருங்க.”

துணி பட்டது. அவன் இழுத்தான். எஞ்சின் இருமி அடங்கியது. துணி முழுவதும் ஷாஃப்ட்டில் சுருண்டிருந்தது. நார் அறுந்திருந்தது.

“தூங்கிட்டியா?”

“கண்ணக்கூடச் சிமிட்டலீங்க. நீங்க வேணும்னா வந்து உக்காருங்க.”

ஏறி உட்கார்ந்தேன். இடது கை ஸ்டாப்பில். அவன் மூங்கிலைப் பிடித்தான். துணி விழுவதைப் பார்த்தேன். இழுக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு கைக்கு வருவதற்குள் துணி இல்லை. மறுபடி. மறுபடி. காய்ந்த துணியால் செய்தால் வழுக்குகிறது. நனைந்த துணியால் செய்தால் ஒட்டுகிறது. முதல் சோதனையில் துணி காய்ந்திருந்தது. பிழை துணியில் இருந்திருக்கிறது.

“பாத்தியா! எவனாலயும் உட முடியாது. நா புடிவாதமாப் புடிச்சிட்டு இருக்கல” என்றேன். நாகரத்தினத்துக்குக் கேட்கும்படியாகவே சொன்னேன்.

மாரப்பன் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தான். “அப்ப அன்னிக்கு நா ஓடியாந்து நிறுத்துனதுல பிரயோசனமே இல்லீங்களா?”

“நீ வர்றதுக்குள்ள துண்டு கிழிஞ்சிருச்சு. அதனாலதான் நா இருக்கறன்.”

“கிழிய வெச்சது ஆருங்க?”

“ஆரு வெக்கறது? தொவச்சுத் தொவச்சு நூல் நூலாக் கெடந்த துண்டு.”

“அய்யப்பன்னு சொல்ல மட்டும் உங்களுக்கு வாய் வராது.”

நாகரத்தினம் முறத்தோடு வெளியே வந்தாள். “மாரப்பா, தீவாளிக்கு எடுத்த புதுத் துண்டப் போட்டுக்கிட்டுப் போங்கன்னு அன்னிக்குக் காத்தால நாஞ் சொன்னன். அந்த மொரட்டுத் துண்டு எனக்கு வேண்டாம்னாங்க. கட்டுனதுலருந்து இவிய எம்பேச்சக் கேக்காதது ஒருக்காத்தான் நல்லதாப் போயிருக்குது.”

சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனாள். சிரிக்க முடியவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அரிசி அப்படியே கிடந்தது. கோழி வந்து கொத்தியது. மாரப்பன் விரட்டினான். நான் ஷாஃப்ட்டில் சுற்றியிருந்த துணியை இடது கையால் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சுற்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. வெகுநேரமாயிற்று.

மனிதக் கை ஷாஃப்ட்டைவிட மெதுவானது. இது என் குறையல்ல, எல்லாருடைய கைக்கும் பொது. ஆகவே கையை நம்பிப் பயனில்லை. கையும் ஷாஃப்ட்டும் சந்திக்காமல் நடுவில் ஏதாவது இருந்தாக வேண்டும். இந்த முடிவுக்கு நான் சோதனை மூலமாகவே வந்தேன்.

கார்த்திகை 24, புதன்

பழைய மூடி கொல்லையில் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஆட்டுக்கு எட்டாமல் வேலியாக நிற்கிறது. கன்று உள்ளே வளர்ந்து தலைக்கு மேல் கிளைவிட்டுவிட்டது. எடுக்கப் போனேன்.

“செடிய வெட்டித்தான் எடுக்கோணும். வெட்டிப் பாருங்க” என்றாள் நாகரத்தினம்.

மேலும் அதை நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்திருப்பதால் இனி உதவாது. எனவே பொள்ளாச்சி போய்ப் புதியது வாங்கினேன். மாரப்பனும் வந்தான். மூடியோடு சிறு சங்கிலி ஒன்று தருகிறார்கள். அது எதற்கு என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தோம். சங்கிலியின் மறுமுனையை டிராக்டரில் மாட்டினால் ஷாஃப்ட் சுற்றும்போது மூடி சுற்றாமல் நிற்கும். மாட்டாவிட்டால் மூடியும் சேர்ந்து சுற்றும். பழைய சங்கிலியைக் கன்றுக்குட்டிக்குக் கட்டியிருந்தோம்.

கிரீஸ் அடிப்பதற்கு மூடியிலேயே ஒரு துளை விட்டிருக்கிறார்கள். பழையதிலும் இருந்ததாக மாரப்பன் சொல்கிறான். எனக்கு நினைவில்லை.

ஓடவிட்டு, நனைந்த துணியை மூங்கிலில் மாட்டி மூடிமேல் வைத்தேன். சும்மா கிடந்தது. உள்ளே அத்தனை வேகம் ஓடுகிறது. வெளியே ஒரு துணி வெயிலில் காய்வது போலக் கிடக்கிறது. எவ்வளவு நேரம் பார்த்தும் அலுக்கவில்லை.

மார்கழி 4, வெள்ளி

கோயிலில் மாரப்பன் கோஷ்டிக்கு முடிகட்டு. இருமுடியில் ஆளுக்கொரு கை அரிசி போட வேண்டுமாம். நாகரத்தினம் இழுத்துக்கொண்டு போனாள். வலது கை தூக்க வரவில்லை. இடது கையால் போடலாமா என்று குருசாமியிடம் கேட்டேன். “நாகரத்தினம்மா கையப் புடிச்சுக்கட்டும், சோத்துக்கையாலயே போடுங்க சாமி” என்றார். அப்படியே போட்டேன். மாரப்பன் மகள் வந்திருந்தாள். வயிறு தெரிகிறது. அவள் என் தோளில் போட்டிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்கழி 7, திங்கள்

பெரிய தோப்புக்காரர் வந்தார். மட்டை குவிந்துவிட்டதாம், நீங்களே ஓட்டலாமே என்றார். கை ஓரளவு தேறிவிட்டது, ஓட்ட முடியும். ஆனால் எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டியிருக்கிறது. மாரப்பன் வரட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆயில் போன மாதம் மாற்றினதுதானே என்று நாகரத்தினம் கேட்டாள். இவள் ஏன் இதையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறாள்?

மார்கழி 12, சனி

மாரப்பன் வந்துவிட்டான். மாலையைக் கழற்றி, தாடி எடுத்து, பத்து வயது குறைந்தவன் போல வந்து நின்றான். அரவணைப் பாயசம் ஒரு டப்பா. பெரிய தோப்பில் வேலை தொடங்கினோம்.

நான் சீட்டில் இருந்தேன். வெயில் ஏறியதும் மிஷின் வாயில் ஒரு பாளை குறுக்கே சிக்கித் திணறியது. மாரப்பன் பின்னால் போனான். சட்டைப் பித்தான் எல்லாம் திறந்திருக்கிறது. தோளில் புதுத் துண்டு. மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது.

“டே… ஏப்பா மாரப்பா, நில்லு” என்றேன்.

“அதான் மாலையக் கழட்டியாச்சுல்லீங்க, மூடியும் போட்டாச்சு. இனி என்னங்க?” என்றான். பாளையைப் பிடிக்கக் கை நீட்டினான்.

எஞ்சினை அணைத்தேன். கத்திகள் மெல்லச் சுற்றி நிற்கும்வரை காத்திருந்தேன். மூடி ஷாஃப்ட்டை மறைக்கும், மிஷினின் வாயை மறைக்காது. இவ்வளவு பட்டும் நாங்கள் இருவரும் ஷாஃப்ட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். சாவியை உருவினேன். இறங்கிப் போய் அவனிடம் நீட்டினேன்.

“இந்தா. மடியில சொருகிக்க. பொறகால போறவங்கிட்டத்தான் சாவி இருக்கோணும்.”

அவன் வாங்கவில்லை. முகம் சுருங்கியது. “எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?”

“உம்மேல இருக்குதப்பா.” சாவியை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். “எம்மேலதான் இல்ல. நீ தலைய உள்ள உட்டுட்டு நிக்கையில, நா என்னமோ சத்தம்னு கேக்கற ஆசைல சாவியத் திருப்பிட்டன்னா?”

மாரப்பன் துண்டை எடுத்து மரத்தடியில் போட்டான். பித்தானைப் பூட்டினான். சாவியை வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு பின்னால் போனான்.

நான் திரும்பி ஏறிச் சீட்டில் உட்கார்ந்தேன். சாவி இல்லாத டிராக்டரில் உட்கார்ந்திருப்பது புதிதாக இருந்தது. முன்னால் பார்த்தபடி செய்வதற்கு எதுவும் இல்லை. பாளையை அவன் வெட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது. எடுத்தாயிற்றா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.